துக்கம் கேட்கப் போவது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்து, நம் இந்தியர் அதிகம் வாழும் ஃபீனிக்ஸிலிருந்து எழுதுகிறேன். டர்பன் தமிழ்ப் பள்ளியில் கற்ற தமிழ், பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நம்மிலிருந்து வேறுபட்டவர்களிடம் அன்பாக, மனம் திறந்து பேச வேண்டும் என்று சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். படிக்க நன்றாக இருந்தது. எப்படிச் செய்வது என்றுதான் தெரியவில்லை.

நான் ஒரு கிளினிக்கில் நர்ஸ். என்னோடு வேலை பார்க்கும் ஒரு சிஸ்டர் எங்கள் ஊரை ஒட்டிய இனாண்டாவைச் சேர்ந்த ஜூலு பெண். இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். என் மகள் பிறந்தபோது எனக்கு முன்னால் அவளைக் கையில் வாங்கியவர். கடைகள் சூறையாடப்பட்ட 2021 ஜூலை கலவரத்தில் அவருடைய அக்கா மகனை, எங்கள் ஆட்கள் காவலுக்குப் போட்ட பக்கத்துத் தெருத் தடுப்பு ஒன்றில் சுட்டுவிட்டார்கள். பையன் பிழைக்கவில்லை. லீவு முடிந்து வேலைக்கு வந்தார். அன்றிலிருந்து மருந்து, ஷிஃப்ட், நோயாளி, இதைத் தவிர எங்களுக்குள் பேச்சு இல்லை. என் கணவரும் எங்கள் தெருத் தடுப்பில் ராத்திரி நின்றவர்தான். அவர் எதுவும் செய்யவில்லை. அது அந்த சிஸ்டருக்கும் தெரியும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் கொழுந்தனார் ஒரு வாய்ஸ் நோட் போட்டார். ‘அவர்கள் மறுபடியும் வரப்போகிறார்கள், தயாராக இருங்கள்’ என்று யாரோ பேசுவது. யார், எந்த ஊர், ஒன்றும் இல்லை. ‘உண்மையா என்று விசாரித்துவிட்டுப் போடலாமே’ என்று எழுதினேன். ‘அண்ணி, உங்களுக்கு அவர்கள்தான் சொந்தம் என்றால் இனாண்டாவுக்கே போய்விடுங்கள்’ என்று எல்லோரும் பார்க்க எழுதினார். சிலர் அதற்குச் சிரிக்கிற முகம் போட்டார்கள்.

இந்த இரண்டு பேரிடமும் நான் என்ன பேசுவது? பேசாமல் இருப்பதும் ஒரு அன்புதானே?

பெயர் வேண்டாம்,
ஃபீனிக்ஸ்

அன்புள்ள சகோதரிக்கு,

பேசாமல் இருப்பது சில இடங்களில் அன்புதான். இங்கே இல்லை. இந்த மௌனம் உங்களுக்குச் சௌகரியமாக இருக்கிறது. அவருக்கு எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் நீங்கள் கேட்கவில்லை.

இதற்குப் பெரிய தத்துவம் எதுவும் தேவைப்படாது. நல்லதுக்குக் கூப்பிட்டால் போ, கெட்டதுக்குக் கூப்பிடாமலே போ என்று உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளிகூட சாவு வீட்டுக்கு வந்து வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவான். உங்களுடைய சிநேகிதி வீட்டில் ஒரு சாவு விழுந்தது. நீங்கள் இன்னும் துக்கம் கேட்கவில்லை. ‘இரு சமூகங்களுக்கு இடையிலான உரையாடல்’ என்று மேடையில் பேசுவதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, இதை இப்படிப் பார்த்தால் உங்கள் கால் தானாக நகரும் என்று நினைக்கிறேன். இத்தனை வருடம் கழித்தா என்று தயங்காதீர்கள். துக்கத்துக்குக் கெடு கிடையாது.

போனால் எதை முதலில் சொல்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வாயைத் திறந்ததும் உங்களுக்கு முட்டிக்கொண்டு வரப்போகும் சொற்கள் எவை என்று எனக்குத் தெரியும். நான் இருக்கும் சாட்ஸ்வர்த்திலும் அந்த வாரம் மரக்கிளையும் டயரும் போட்டுத் தெருவை மறித்தார்கள். ‘போலீஸ் வரவில்லை. கடைகள் எரிந்துகொண்டிருந்தன. எங்களைக் காப்பாற்ற நாங்கள்தான் இருந்தோம்.’ இதில் எதுவும் பொய் இல்லை. ஜனாதிபதி நியமித்த நிபுணர் குழுவே 2022இல் வெளிவந்த அறிக்கையில் அரசு தன் கடமையில் தவறியதைச் சொல்லியிருக்கிறது. பழைய பயமும் உண்டு. 1985 ஆகஸ்டில் இனாண்டாவில் இந்தியர் வீடுகளும் கடைகளும் எரிந்தன, அங்கே காந்தி நிறுவிய ஃபீனிக்ஸ் குடியிருப்பும் சூறையாடப்பட்டது. அங்கிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்த குடும்பங்கள் உங்கள் ஊரில்தான் ஒதுங்கின. அந்தப் பயத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தான் 2021இல் தடுப்பில் நின்றார்கள்.

எல்லாம் உண்மை. எதையும் முதலில் சொல்லாதீர்கள்.

அந்தக் கலவரத்தில் நாட்டில் 350 பேருக்கு மேல் இறந்தார்கள். ஃபீனிக்ஸில் மட்டும் 30 பேருக்கு மேல், பெரும்பாலும் கறுப்பினத்தவர். கடை சூறையாட வந்தவர் யார், வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர் யார் என்று தடுப்பில் பார்த்தது முகத்தின் நிறத்தை வைத்துத்தான். இந்த நிலையில் ‘நாங்களும் பயந்துபோய் இருந்தோம்’ என்று நீங்கள் ஆரம்பித்தால், பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்காரி உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிவரும். அவர் சொல்லவும் செய்வார், ஏனென்றால் நல்ல மனுஷி. அத்தோடு பேச்சு முடிந்துவிடும். நீங்கள் மனம் திறந்து பேசிவிட்டதாக வீடு திரும்புவீர்கள்.

இந்த நாட்டில் ஒருமுறை பெரிய அளவிலேயே இந்த வரிசையைப் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். நிறவெறி ஆட்சிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 1996 ஏப்ரலில் ஈஸ்ட் லண்டன் நகரில் முதல் அமர்வைத் தொடங்கியபோது முதலில் உட்காரவைத்தது பறிகொடுத்தவர்களைத்தான். அவரவர் மொழியில் சொன்னார்கள், மற்றவர்களுக்கு மொழிபெயர்ப்பு காதுக் கருவியில் வந்தது. ஆணையத் தலைவர் பேராயர் டூட்டு கேட்டுக்கொண்டிருந்தவர் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதுவிட்டார். செய்தவர்களின் விளக்கமும் மன்னிப்பு மனுவும் வேறு அமர்வுகளில் பிறகு வந்தன. அந்த ஆணையத்தைப் பற்றி எனக்குக் குறைகள் உண்டு. சொன்னவர்களுக்கு 2003இல் ஆளுக்கு 30,000 ரேண்ட் என்று அறிவித்து ஒதுங்கிக்கொண்டது அரசு. மன்னிப்புக் கிடைக்காதவர்கள்மீது போட்டிருக்க வேண்டிய வழக்குகளும் தூங்கின. ஆனால் யார் முதலில் பேசுவது என்பதில் அவர்கள் செய்தது சரி.

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒன்று உறைத்தது. அதில் பையனுடைய பெயர் இல்லை. என்னிடம் சொல்லக் கூடாது என்று விட்டிருந்தால் சரிதான். தெரியாததால் விட்டிருந்தால், அங்கேதான் தொடங்க வேண்டும். அவன் பெயர் என்ன, என்ன படித்தான், வீட்டில் எப்படி இருப்பான்? இதைக் கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். ‘கடவுள் சித்தம்’, ‘இரண்டு பக்கமும் நஷ்டம்’ இரண்டும் வேண்டாம். இரண்டு பக்கமும் நஷ்டம் என்பது பத்திரிகைத் தலையங்கத்தில் எழுதவேண்டியது.

கிளினிக்கில் டீ குடிக்கிற அறையில் இதை எடுக்காதீர்கள். பாதியில் யாராவது கதவைத் தட்டுவார்கள். சனி ஞாயிறு பார்த்து, முதலில் அவரிடம் வரலாமா என்று கேட்டுக்கொண்டு, இனாண்டாவுக்குப் போங்கள். உங்கள் ஊர் எல்லையிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஜூலு வீடுகளில் இழவு விழுந்தால் தாய்க்காரியைத் தரையில் மெத்தை விரித்து உட்காரவைக்கிறார்கள், அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறார்கள், ஜெபிக்கிறார்கள். வருபவர்கள் டீத்தூளும் சர்க்கரையும் மாவும் கொண்டுவருவார்கள். நம் வீட்டில் நாற்காலியைத் தூக்கிவிட்டுப் பாய் போடுகிறோமே, அதேதான். அந்த நாட்களெல்லாம் போய்விட்டன, இப்போது மெத்தை இருக்காது. இருந்தாலும் வெறுங்கையோடு போகாதீர்கள். பையனின் அம்மாவும் இருந்தால், அவர் உங்களைப் பார்க்க விரும்புகிறாரா என்பதை உங்கள் சிநேகிதி முடிவு செய்யட்டும்.

ஜூலு எவ்வளவு வருமோ அவ்வளவு பேசுங்கள். ‘எங்கள் தாத்தா காலத்தில் எல்லோருக்கும் அவர்கள் பாஷை தெரியும்’ என்று நம் ஆட்கள் பெருமையாகச் சொல்வார்கள். அவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் ஃபனகலோ. தோட்டத்திலும் சுரங்கத்திலும் வேலை வாங்குவதற்கு என்று இருந்த கலப்புப் பேச்சு. எடு, வை, சீக்கிரம் வா என்று சொல்லலாம். உன் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று அதில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இனி உங்கள் கொழுந்தனார்.

குழுவில் அவருக்குப் பதில் எழுதாதீர்கள், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும். சிரிக்கிற முகம் போட ஆள் இருக்கும்வரை எந்த ஆம்பளையும் பின்வாங்க மாட்டான். உங்களிடம் அவர் பேசவில்லை, பார்ப்பவர்களிடம் பேசினார். நம் சங்கங்களிலும் நடப்பது இதுதானே. நமக்கும் இந்திக்காரர்களுக்கும் தீபாவளி எந்த நாள் என்பதிலேயே ஆண்டுக்கணக்காக ஒத்துப்போக முடியவில்லை, மைக் இருக்கிறவரை முடியவும் முடியாது. அவரைத் தனியாகப் பாருங்கள். அண்ணி என்ற முறை உங்களுக்கு ஒரு உரிமையைக் கொடுக்கிறது. அதை அதட்டுவதற்குப் பயன்படுத்தாமல் கேட்பதற்குப் பயன்படுத்துங்கள். அந்த ஜூலையில் அவர் எங்கே இருந்தார், என்ன பார்த்தார்? அவருடைய பயத்தை யாரும் உட்கார்ந்து கேட்டிருக்க மாட்டார்கள். அவர் விஷயத்தில் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது அவருடைய பயத்தை. அதைக் கேட்டு முடித்தபிறகு வாய்ஸ் நோட்டுக்கு வாருங்கள்.

வரும்போது 1949ஐச் சொல்லுங்கள். ஜனவரி 13ஆம் தேதி டர்பன் விக்டோரியா தெருப் பக்கம் ஒரு இந்தியக் கடைக்காரருக்கும் ஒரு ஆப்பிரிக்கச் சிறுவனுக்கும் தகராறு. கடைக் கண்ணாடியில் பட்டுச் சிறுவனுக்குத் தலையில் ரத்தம். பக்கத்திலேயே பஸ் நிலையம், வேலை விட்டு வீட்டுக்குப் போகும் கூட்டம். சிறுவன் செத்துவிட்டான் என்ற பேச்சு வரிசையில் நின்றவர்களிடம் பரவி, பஸ்ஸோடு ஊர் ஊராகப் போயிற்று. கலவரம் அடங்கியபோது 142 பேர் இறந்திருந்தார்கள். அவர்களில் 87 ஆப்பிரிக்கர், 50 இந்தியர். பையன் சாகவில்லை. இரண்டு வருடம் முன்பு, 1947 மார்ச்சில்தான் இந்தியர் தலைவர்களான டாக்டர் நாயக்கர், டாக்டர் தாதூ, ஆப்பிரிக்கர் தலைவரான டாக்டர் சூமா மூவரும் இந்தியரும் ஆப்பிரிக்கரும் சேர்ந்து போராடுவது என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். தலைவர்கள் பேசியது அந்த பஸ் வரிசை வரை வந்து சேரவில்லை. வதந்தி வந்தது. அன்றைக்கு வாட்ஸ்அப்பும் கிடையாது.

இதைக் கேட்டதும் கொழுந்தனார் திருந்திவிடுவார் என்று நான் சொல்லவில்லை. அடுத்த வாய்ஸ் நோட்டை அனுப்பும் முன் உங்களைக் கூப்பிட்டு ‘அண்ணி, இது என்னவென்று பாருங்கள்’ என்று கேட்டால் அதுவே போதும். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அவர் பயந்தது உண்மை என்று ஒப்புக்கொள்ளலாம். ‘அவர்கள் எல்லோரும் அப்படித்தான்’ என்றால், அங்கே ‘இல்லை’ என்று சொல்லிவிட வேண்டும். குரல் உயர வேண்டியதில்லை.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ‘என் கணவர் எதுவும் செய்யவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் எனக்கு அந்த வரிதான் இடறிற்று. சிஸ்டருடன் பேசவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். வீட்டிலேயும் அந்த ராத்திரிகளைப் பற்றிப் பேச்சு இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. இனாண்டாவில் அந்த அம்மாள் உங்களிடம் திருப்பி ஒரே ஒரு கேள்வி கேட்கலாம், ‘உன் வீட்டுக்காரர் அன்றைக்கு எங்கே இருந்தார்?’ என்று. ‘நினைக்கிறேன்’ என்று அங்கே பதில் சொல்ல முடியாது.

ஆகவே முதலில் வீட்டில் கேளுங்கள். குற்றம் சாட்டாமல், சாப்பாடு முடிந்தபிறகு, டிவியை அணைத்துவிட்டு. அவர் நின்ற தடுப்பில் என்ன நடந்தது, யாரை நிறுத்தினார்கள், யார் கையில் என்ன இருந்தது என்று. பெரும்பாலும் அவரும் யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் இருப்பார். அவர் சொல்வது நீங்கள் பயப்படும் பதிலாக இருந்தால், அது போலீசுக்கும் வக்கீலுக்கும் போக வேண்டிய விஷயம், என் யோசனை அங்கே உதவாது. அப்படி இல்லையென்றால் அடுத்த சனிக்கிழமை இனாண்டாவுக்குப் போகலாம். அவரையும் கூட்டிக்கொண்டு போவதா என்பதை, அவர் சொன்னதைக் கேட்டபிறகு முடிவு செய்யுங்கள்.