எச்டி 650-க்கு ஆம்ப் வாங்குறதுக்கு முன்னாடி வோல்ட் கணக்கு ஒண்ணு

கேள்வி: "அண்ணா, செகண்ட் ஹேண்ட்ல சென்ஹைசர் எச்டி 650 ஹெட்போன் ஒண்ணு வாங்கிட்டேன். லேப்டாப்ல சொருகி பழைய கச்சேரி ரெக்கார்டிங் கேட்டா ஃபுல் வால்யூம்லயும் சின்னதாத்தான் கேக்குது, ஆனா புது சினிமா பாட்டு நல்லா சத்தமா வருது. அத்தான் அடுத்த மாசம் அமெரிக்காலேருந்து வர்றார், நூறு டாலர் பக்கம் இருக்கிற ஷிட் மேக்னி இல்லன்னா ஜேடிஎஸ் லேப்ஸ் ஆட்டம்னு ஹெட்போன் ஆம்ப் (சத்தத்தை ஏத்தற பெட்டி) ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லலாமா? என் ஐஇஎம்மையும் (காதுக்குள்ள சொருகற இயர்போன்) அதுலயே போடலாமா? ஆம்ப் போட்டா சவுண்டே வேற மாதிரி ஆயிடும்ங்கிறாங்களே, நிஜமா?" - திருச்சி வாசகர்.

வாங்கலாம் தம்பி. ஆனா அத்தான் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி அடாப்டர் விஷயம் ஒண்ணு இருக்கு, கீழ சொல்றேன், வேற எதை விட்டாலும் அதை மட்டும் படிக்காம விட்றாதீங்க.

முதல்ல உங்க ஹெட்போன் என்ன கேக்குதுன்னு பாப்போம். எச்டி 650 வந்து 300 ஓம் (கரண்டுக்கு அது குடுக்கிற தடை), 1 வோல்ட் குடுத்தா 103 டெசிபல் வரும்னு கம்பெனியே போட்டிருக்கு. 103 டெசிபல்னா காது கிழியுமேன்னு தோணும், ஆனா அது பாட்டுல வர்ற உச்சத்துக்கான கணக்கு, மிருதங்கத்துல ஒரு பலமான அடி விழுற அந்த நொடிக்கு. சராசரி சத்தம் அதுக்கு ரொம்ப கீழ இருக்கும். இப்ப வர்ற சினிமா பாட்டை மாஸ்டரிங்ல நல்லா அமுக்கி அமுக்கி சத்தமாக்கிடறாங்க, அதனால உச்சத்துக்கும் சராசரிக்கும் வித்தியாசம் 8, 10 டெசிபல்தான் இருக்கும். கச்சேரி ரெக்கார்டிங்ல அது 20 டெசிபல் கூட போகும், அதுக்கு மேல பழைய டேப்லேருந்து ஏத்தினவங்க லெவலை பயந்து பயந்து கம்மியா வச்சிருப்பாங்க, அதுல இன்னொரு 6, 8 டெசிபல் போச்சு. உங்க லேப்டாப் 1 வோல்ட்டே குடுக்குதுன்னு வச்சாலும் கச்சேரி 75 டெசிபல் பக்கத்துலதான் ஓடும், நிறைய லேப்டாப்ல அந்த 1 வோல்ட்டும் வராது. சினிமா பாட்டு சத்தமா கேட்டு கச்சேரி மட்டும் சின்னதா கேக்குறது இதனாலதான், ஹெட்போன்ல கோளாறு இல்ல.

உச்சம் 110 டெசிபல் வரைக்கும் போற மாதிரி வச்சுக்கிட்டா எந்த ரெக்கார்டிங்குக்கும் போதும்ங்கிறது என் கணக்கு. 103-லேருந்து 110-க்கு 7 டெசிபல் ஏறணும், அதுக்கு 2.2 வோல்ட் சொச்சம் வேணும், பவர்னு பாத்தா வெறும் 17 மில்லிவாட். ஆமா, மில்லிவாட்தான். முதல்ல வந்த ஆட்டம் ஆம்ப்போட ஸ்பெக்ல 32 ஓம்ல 1 வாட், 600 ஓம்லயே 125 மில்லிவாட்னு இருக்கு, அதாவது 8 வோல்ட்டுக்கு மேல. உங்களுக்கு வேணும்ங்கிறதைவிட பல மடங்கு. அதனால "இது 1 வாட், அது 2 வாட், எது பெருசு"ன்னு மண்டையை குழப்பிக்காதீங்க, பவர் ரெண்டு மடங்கானா ஏறுறது 3 டெசிபல்தான், ரெண்டு பேருக்கு சமைக்க கல்யாண அண்டா எதுக்கு.

இதே கணக்கு வேற ஹெட்போனுக்கு வேற மாதிரி வரும். ஹைஃபைமேன் எச்இ400எஸ்இ 25 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 91 டெசிபல். அதுக்கு 110 வேணும்னா 80 மில்லிவாட் பக்கம் வேணும். வோல்ட் கம்மிதான், 1.4 போதும், ஆனா கரண்ட் 56 மில்லிஆம்ப் இழுக்கும், அங்கதான் யூஎஸ்பில சொருகி ஹெட்போன் மாட்டற சின்ன டாங்கிள் எல்லாம் மூச்சு வாங்கும். ஆடியோ டெக்னிகா எம்50எக்ஸ் வச்சிருக்கவருக்கு 0.7 வோல்ட்லயே வேலை முடிஞ்சிடும், அவர் ஆம்ப் வாங்கி மேசையில இடத்தை அடைச்சுக்கிறதுல அர்த்தமே இல்ல. ஓம் பெருசா இருந்தா கஷ்டமான ஹெட்போன், சின்னதா இருந்தா ஈஸின்னு சொல்றது பாதி உண்மைதான், சென்சிட்டிவிட்டியையும், அதாவது இவ்ளோ குடுத்தா எவ்ளோ சத்தம் வரும்ங்கிறதையும், சேத்து பாக்கணும். அதுலயும் ஒரு குழப்பம் இருக்கு, சில கம்பெனி 1 மில்லிவாட்டுக்கு போடுவாங்க, சிலர் 1 வோல்ட்டுக்கு போடுவாங்க, ரெண்டையும் நேரா ஒப்பிட்டா கணக்கு தப்பிடும். உங்க எச்டி 650-யோட 103 டெசிபலை 1 மில்லிவாட் கணக்குல பாத்தா 98-க்கு கொஞ்சம் கம்மி, அவ்ளோதான்.

உங்க லேப்டாப் எவ்ளோ குடுக்குதுன்னு வீட்லயே அளந்து பாக்கலாம். 50 ஹெர்ட்ஸ் சைன் டோன் ஃபைல் ஒண்ணை எடுத்து, விண்டோஸ்லயும் பிளேயர்லயும் வால்யூமை ஃபுல்லா வச்சு, ஒரு 3.5 எம்எம் கேபிளை லேப்டாப்ல சொருகி, இன்னொரு முனையில நுனிக்கும் அடி வளையத்துக்கும் நடுவுல மல்டிமீட்டரை ஏசி வோல்ட்ல வச்சு பாருங்க. ஹெட்போன் கண்டிப்பா மாட்டியிருக்கக் கூடாது. 50 ஹெர்ட்ஸ் ஏன்னா சாதாரண மீட்டருக்கு கரண்ட் லைன் பக்கத்துல இருக்கிற ஃப்ரீக்வன்சிதான் ஒழுங்கா அளக்க வரும். ஆனா அந்த சின்ன மஞ்சள் மீட்டர்ல ஏசி ரேஞ்ச் 200 வோல்ட்லதான் ஆரம்பிக்கும், 0.6, 0.7ன்னு குத்துமதிப்பாத்தான் காட்டும். ஆட்டோ ரேஞ்ச் மீட்டர் யாராவது எலக்ட்ரீஷியன்கிட்ட இருந்தா அதுல பாருங்க.

மீட்டர் இல்லையா, ஆப்பிளோட யூஎஸ்பி-சி ஹெட்போன் டாங்கிள் ஒண்ணு வாங்கி லேப்டாப்ல போட்டு பாருங்க, ஆயிரம் ரூபா பக்கம்தான். இங்க அமெரிக்க மாடல்தான் வேணும், அதுதான் 1 வோல்ட், ஐரோப்பா மாடல் அதுல பாதி. ஆண்ட்ராய்டு போன்ல அந்த டாங்கிள் வால்யூம் கம்மியா வரும், நிறைய பேர் அதைப் பாத்துட்டு டாங்கிளே தண்டம்னு திட்டுவாங்க, விண்டோஸ்ல அந்தப் பிரச்சனை இல்ல. அதுல கேட்டுட்டு இன்னும் கச்சேரிக்கு பத்தலன்னா ஆம்ப் வாங்குறதுல நியாயம் இருக்கு. டாங்கிள் வீணாவும் போகாது, அதையே டாக்கா (டிஜிட்டல் பாட்டை கரண்ட் சிக்னலா மாத்தறது) வச்சுக்கலாம், 3.5 எம்எம்லேருந்து ரெண்டு ஆர்சிஏ பின்னுக்கு போற கேபிள் போட்டு ஆம்ப்புக்கு குடுத்துடுங்க, ஆட்டம்ல ஹை கெய்ன், அதாவது சிக்னலை அதிகமா பெருக்கற செட்டிங், நாலரை மடங்கு, 1 வோல்ட் உள்ள போனா நாலரை வெளிய வரும், எச்டி 650-க்கு தாராளம். தனியா டாக் வாங்க இப்ப அவசரமே இல்ல. கேபிள் ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கிற சாதாரணது போதும், பின் லூசா ஆடாம இருந்தா சரி.

இப்ப அடாப்டர். மேக்னி, ஆட்டம் ரெண்டும் சுவத்துல சொருகற கனமான டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர்ல ஓடறவை, போன் சார்ஜர் மாதிரி 100-லேருந்து 240 வரைக்கும் எதையும் தாங்குற ஜாதி இல்ல. அமெரிக்கால வாங்கினா அங்க இருக்கிற 115 வோல்ட் அடாப்டர்தான் பெட்டில வரும். அதுக்கு கன்வர்ட்டர் பின் போட்டு நம்ம 230 வோல்ட்ல சொருகினீங்கன்னா கொஞ்ச நேரத்துல கருகின வாசனை வரும், அந்தப் பின் ஓட்டையோட வடிவத்தை மட்டும்தான் மாத்தும், வோல்ட்டை மாத்தாது. அதனால ஆர்டர் போடும்போதே 230 வோல்ட் அடாப்டர் கேட்டு வாங்கச் சொல்லுங்க, கையில வந்ததும் லேபிள்ல இன்புட் எவ்ளோன்னு படிச்சுட்டு சொருகுங்க. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வச்சு ஓட்டலாம், ஆனா 60 ஹெர்ட்ஸுக்கு செஞ்ச அடாப்டர் நம்ம 50 ஹெர்ட்ஸ்ல கொஞ்சம் அதிகமா சூடாகும், லேசா உறுமவும் செய்யும்.

இன்னொண்ணு, இந்த அடாப்டர்ல வெளிய வர்றதும் ஏசிதான், 16 வோல்ட் ஏசி. அந்த ஏசிலேருந்துதான் ஆம்ப் உள்ள பிளஸ், மைனஸ் ரெண்டு சப்ளையும் பிரிச்சுக்குது. பின் சரியா பொருந்துதேன்னு ரூட்டரோட 12 வோல்ட் டிசி அடாப்டரை சொருகிடாதீங்க, பாதி சப்ளைதான் வரும், ஹெட்போனுக்கு நல்லதில்ல. 230 அடாப்டர் கிடைக்கலன்னா நான் அத்தானை தொந்தரவே பண்ண மாட்டேன், இங்கயே வாரண்டியோட கிடைக்கிற டாக்கும் ஆம்ப்பும் ஒண்ணா இருக்கிற ஒரு பெட்டியை வாங்கிட்டு போயிடுவேன், எச்டி 650-க்கு அதுல ஒரு குறையும் வராது. இடது, வலதுக்கு தனித்தனி வயர் போற பேலன்ஸ்ட் 4.4 எம்எம் அவுட்புட் இருந்தாத்தான் நல்லதுன்னு கடைக்காரர் சொன்னா சிரிச்சுட்டு வந்துடுங்க, 17 மில்லிவாட்டுக்கு அது எதுக்கு.

சவுண்டே மாறிடுமாங்கிறதுக்கு வர்றேன். 2011-ல என்டபிள்யூஏவிகைங்கிற புனைபெயர்ல ஒருத்தர் ஓ2ன்னு ஒரு ஆம்ப் டிசைனை இலவசமா வெளியிட்டார், அளவுகளோட, சர்க்யூட்டோட. மனுஷன் யாருன்னே தெரியாது, 2012-ல ஆளே காணாம போயிட்டார். ஜேடிஎஸ் லேப்ஸ் அந்த ஓ2-வை செஞ்சு வித்த கம்பெனிதான். அவர் திரும்பத் திரும்ப சொன்ன ஒரு விஷயம், ஆம்ப்போட அவுட்புட் இம்பிடன்ஸ், அதாவது வெளிய குடுக்கிற இடத்துல அதுக்கே இருக்கிற தடை, ஹெட்போன் ஓம்ல எட்டுல ஒரு பங்குக்கு கீழ இருக்கணும். எச்டி 650-க்கு 300 ஓம்னு போட்டாலும் பேஸ் பக்கத்துல அது 500 ஓம் கிட்ட ஏறிடும், ஆம்ப்போட இம்பிடன்ஸ் 120 ஓம்னா, சில டியூப் ஆம்ப்ல அப்படித்தான் இருக்கும், பேஸ் 1 டெசிபல் பக்கம் தூக்கும். சிலருக்கு அது பிடிக்கும், தப்பில்ல. ஆட்டம், மேக்னி மாதிரி இம்பிடன்ஸ் ஒரு ஓம் கூட இல்லாத ஆம்ப்ல அந்த மாதிரி எதுவும் நடக்காது. ராஜா பாட்டுல பேஸ் கிட்டார் முன்னைவிட தெளிவா கேக்குறதா தோணும், அது பெரும்பாலும் சத்தம் கொஞ்சம் ஏறினதால. ரெண்டு ஆம்ப்பை ஒப்பிடறவங்க சத்தத்தை சமமா வைக்காம கேட்டா ஒரு டெசிபல் அதிகமா இருக்கிறதுதான் ஜெயிக்கும், விமர்சனத்துல பாதி இப்படித்தான் ஓடுது.

சவுண்ட் மாறணும்னா இயர்பேடை பாருங்க. செகண்ட் ஹேண்ட்னு சொல்றீங்க, பேட் அமுங்கி தட்டையா இருந்தா காது டிரைவருக்கு ரொம்ப பக்கத்துல போயிடும், டோனே மாறிடும், புது பேட் போட்டா வர்ற வித்தியாசம் எந்த ஆம்ப் மாத்தினாலும் வராது. அதுக்கு அப்புறமும் பத்தலன்னா விண்டோஸ்ல பேஸ், ட்ரெபிளை ஏத்தி இறக்கற ஈக்வலைசர் ஏபிஓ சாஃப்ட்வேர் இலவசம். அடி பேஸை 6 டெசிபல் ஏத்தினா கிளிப் ஆகாம, அதாவது உச்சம் வெட்டுப்பட்டு கரகரன்னு ஆகாம, இருக்க மொத்த லெவலை 6 டெசிபல் இறக்கணும், அந்த இறக்கின சத்தத்தை திரும்ப ஏத்தத்தான் ஆம்ப்ல இருக்கிற மிச்ச வோல்ட் உதவும், ஆம்ப் வாங்கினதுக்கு இதுதான் நல்ல உபயோகம்னு நான் சொல்வேன்.

ஐஇஎம்முக்கு அந்த டாங்கிளே போதும், ஆம்ப் வேண்டாம். ஆம்ப்ல போட்டே ஆகணும்னா லோ கெய்ன்ல வைங்க. அப்பவும் வால்யூம் நாப்பை கொஞ்சம் திருப்பினாலே சத்தம் ஏறிடும், விலை கம்மியான வால்யூம் பாட்ல (நாப்புக்கு உள்ள இருக்கிற பாகம்) அந்த ஆரம்ப இடத்துல இடது வலது சமமா வராது, பாடகி ஒரு காது பக்கமா சாஞ்சு பாடுற மாதிரி இருக்கும். விண்டோஸ்ல 24 பிட் வச்சு வால்யூமை 30, 40-க்கு இறக்கிட்டு நாப்பை மேல ஏத்தினா அது சரியாயிடும்.

ஆம்ப் ஆன், ஆஃப் பண்ணும்போது ஹெட்போனை கழட்டிடுங்க, 6.35 எம்எம் பின்னை சொருகும்போது நாப் ஜீரோல இருக்கட்டும். லேப்டாப் சார்ஜர் மாட்டினா மட்டும் கொர்ருனு சத்தம் வந்தா ஆம்ப்பை குறை சொல்லாதீங்க, சார்ஜர் வழியா வர்றது அது, எர்த் ஒழுங்கா இருக்கிற மூணு பின் பிளக் பாயிண்ட்ல எல்லாத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுல போட்டு பாருங்க, அப்பவும் போகலன்னா கச்சேரி கேக்கும்போது சார்ஜரை உருவிடுங்க.

வால்யூமுக்கு இடம் கிடைச்சதும் கை மேல மேலதான் போகும். உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு சொல்ற அளவு சராசரி 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம், அதுக்கு மேல 3 டெசிபல் ஏறினா நேரம் பாதியாகும். கச்சேரி முடிஞ்சு அடுத்து சினிமா பாட்டு தானா ஓட ஆரம்பிச்சா 15 டெசிபல் எகிறும், பிளேலிஸ்ட்டை தனித்தனியா வச்சுக்கோங்க, இல்லன்னா பிளேயர்ல ரீப்ளே கெய்ன் (பாட்டுக்கு பாட்டு சத்தத்தை சமமாக்கறது) ஆன் பண்ணி வைங்க.