எல்லை நான்கு முறை மாறிய அல்சாஸ்: எங்கே, எப்போது, எப்படிப் பார்ப்பது? (கேள்வி பதில்)

பிரான்சின் கிழக்கோரத்தில், வோஜ் மலைக்கும் ரைன் ஆற்றுக்கும் நடுவே ஒரு பட்டை நிலம் அல்சாஸ். 1871இல் ஜெர்மனி, 1918இல் பிரான்ஸ், 1940இல் மறுபடி ஜெர்மனி, 1944–45இல் மறுபடி பிரான்ஸ் என்று 75 ஆண்டுக்குள் நான்கு முறை கைமாறியது. அங்கே போகத் திட்டமிடுபவர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

கேள்வி: நான்கு இரவுதான் இருக்கிறது சார். ஸ்ட்ராஸ்பூரிலேயே தங்கலாமா, கோல்மாரிலா?

இரண்டு இரவு அங்கே, இரண்டு இரவு இங்கே. இரண்டுக்கும் நடுவே வட்டார ரயில் அரை மணி நேரம்தான். பாரிஸிலிருந்து ஸ்ட்ராஸ்பூருக்கு அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு.

தேதி முடிவு செய்யும் முன் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் கூட்ட அட்டவணையைப் பாருங்கள். ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை முழு அமர்வு ஸ்ட்ராஸ்பூரில் நடக்கிறது. அந்த வாரங்களில் திங்கள் முதல் வியாழன் வரை அறை வாடகை எகிறும். அந்த நாட்களில் கோல்மாரில் தங்கிவிட்டு வார இறுதிக்கு ஸ்ட்ராஸ்பூர் வந்தால் பணம் மிச்சம்.

கேள்வி: ஸ்ட்ராஸ்பூர் பேராலயத்தில் பொம்மைகள் அசையும் கடிகாரம் பார்க்க 12 மணிக்குப் போனால் போதுமா? உள்ளேயே விடவில்லை என்று நண்பர் சொன்னார்.

நண்பர் பொதுப் பார்வையாளர் வாசலுக்குப் போயிருப்பார். 11 மணிக்கு மேல் பொதுப் பார்வையை நிறுத்திவிட்டு, கடிகாரத்துக்குத் தனிச் சீட்டு வாங்கியவர்களை மட்டும் தெற்கு வாசல் வழியாக விடுவார்கள். சில யூரோதான். 12 மணிக்கு ஒரு விளக்கப் படம் ஓடும், பொம்மைகள் அசைவது 12.30க்கு. ஞாயிறு காலை வழிபாடு இருப்பதால் அன்றைக்கு இதை நம்பிப் போகாதீர்கள்.

ஏன் 12.30? கடிகாரம் காட்டுவது ஸ்ட்ராஸ்பூரின் சொந்தச் சூரிய நேரம். அது மத்திய ஐரோப்பிய நேரத்துக்கு ஏறக்குறைய அரை மணி பின்னால். நம் கைக்கடிகாரத்தில் பன்னிரண்டரை ஆகும்போதுதான் அதற்கு உச்சிப்பொழுது. இப்போதுள்ள இயந்திரத்தை ஷ்வில்கே என்பவர் 1838–1843இல் செய்தார். ஈஸ்டர் எந்தத் தேதியில் வரும் என்று கணக்கிடும் பற்சக்கரத் தொகுதியும் அதில் இருக்கிறது. கீழே கண்ணாடிக்குள் அதைத் தேடிப் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் கவனிப்பதே இல்லை.

எல்லோரும் கடிகாரத்தின் நேர் எதிரே முண்டியடிப்பார்கள். கண்ணை வைக்க வேண்டிய இடங்கள் மூன்று. நடு மாடத்தில் எலும்புக்கூடாக நிற்கும் மரணம் மணியடிக்கும். மனித வாழ்வின் நான்கு பருவங்களும் அதன் முன்னால் கடந்து போகும். அதற்கு மேல் மாடத்தில் இயேசுவின் முன் பன்னிரண்டு சீடர்கள் வரிசையாக வருவார்கள். இடப்பக்கக் கோபுர உச்சியில் சேவல் சிறகடித்து மூன்று முறை கூவும். நேர் கீழே நின்றால் சேவலை அண்ணாந்து பார்த்தே உங்கள் கழுத்து ஒடிந்துவிடும், நாலு அடி பின்வாங்கி நில்லுங்கள்.

கேள்வி: கோபுரம் ஏறலாமா? அம்மாவுக்கு முழங்கால் வலி.

அம்மா வேண்டாம். மேடை 66 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 330 படி, சுழல் படிக்கட்டு, லிஃப்ட் கிடையாது. அம்மாவுக்கு வோபான் அணையின் மொட்டைமாடி சரியாக இருக்கும். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய மதகு அது. கட்டணமும் இல்லை, படியும் குறைவு. அங்கிருந்து 'மூடிய பாலங்கள்', பெத்தித் பிரான்ஸ் என்ற பழைய குடியிருப்பின் ஓட்டுக் கூரைகள், தூரத்தில் பேராலயம் மூன்றும் ஒரே வரிசையில் தெரியும். பெயர்தான் மூடிய பாலங்கள், கூரை போய் இருநூறு ஆண்டுக்கு மேலாகிறது.

பேராலயக் கூர்முனை 142 மீட்டர். 1439இல் முடிந்தது, 1647 முதல் 1874 வரை உலகின் மிக உயரமான கட்டடம் இதுவே. இரண்டாவது கோபுரம் எழவேயில்லை. வோஜ் மலையின் இளஞ்சிவப்பு மணற்கல் மாலை வெயிலில் செங்கல் நிறம் கொள்ளும். மேற்கு முகப்பைப் படமெடுக்க நினைப்பவர்கள் பிற்பகலில் போகவும்.

கேள்வி: பழைய நகரம் தவிர, எல்லை மாறிய கதை தெரியும்படி ஏதாவது இருக்கிறதா?

இதுதான் நல்ல கேள்வி. ஸ்ட்ராஸ்பூரின் பழைய நகரம் ஓர் ஆற்றுத் தீவு. அந்தத் தீவை விட்டு வடக்கே பாலம் தாண்டினால் நாய்ஸ்டட். 1871க்குப் பிறகு ஜெர்மானியர்கள் எழுப்பிய புதுநகரம் அது. அகன்ற சாலை, கனத்த கல் மாளிகை, பேரரசர் அரண்மனை, நூலகம் என்று எல்லாமே 'இனி இது எங்களுடையது' என்று சொல்ல எழுந்தவை. பழைய தீவு 1988இலும் இது 2017இலும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன.

அங்கே ரிபப்ளிக் சதுக்கத்தில் 1936ஆம் ஆண்டுப் போர் நினைவுச் சிலை ஒன்று இருக்கிறது. ஒரு தாய், மடியில் சாகும் இரண்டு மகன்கள். ஒருவன் பிரான்சுக்காக, மற்றவன் ஜெர்மனிக்காகச் சண்டையிட்டவன். இருவர் உடலிலும் சீருடை இல்லை, எவன் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. மற்ற பிரெஞ்சு ஊர்களின் நினைவுச் சின்னங்களில் 'நாட்டுக்காக உயிர்நீத்தோர்' என்று பொறித்திருக்கும். இங்கே 'எங்கள் இறந்தோருக்கு' என்பதோடு நிறுத்திவிட்டார்கள். எந்த நாடு என்று எழுதுவது? ஐந்து நிமிடம் போதும், ஆனால் இதைப் பார்க்காமல் திரும்ப வேண்டாம்.

கேள்வி: ஒற்றை நுழைவு விசா. ஜெர்மனியின் கேல் ஊருக்குப் போய் வந்தால் விசா முடிந்துவிடுமா அண்ணா?

முடியாது தம்பி. பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து மூன்றுமே ஷெங்கன் பகுதி. நடுவே கடப்பது வெளியேறியதாகக் கணக்கில் வராது. ஆனால் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும், நகல் போதாது. ஜெர்மன் போலீஸ் டிராமிலும் பாலத்திலும் திடீர்ச் சோதனை செய்கிறார்கள்.

டி தட டிராம் 2017 முதல் ரைனைத் தாண்டிக் கேல் வரை போகிறது. காகிதச் சீட்டை ஏறும் முன்பே நடைமேடை இயந்திரத்தில் பதிய வேண்டும். ஏறிய பிறகு தேடினால் அபராதம்தான். போகும்போது டிராம், திரும்பும்போது நடைபாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடைபாலத்தின் நடுவில் ஆற்றுக்கு மேலே நிற்கலாம், அங்கே எல்லைக்கோடு என்று எதுவும் கண்ணில் படாது. ஷாம்பு, மருந்துக்கடைச் சாமான் கேலில் மலிவு. ஞாயிறு போகாதீர்கள், கடைகள் பூட்டியிருக்கும்.

கேள்வி: பாசல் விமானநிலையத்தில் இறங்கி கார் எடுக்கிறோம். சிக்கல் உண்டா?

ஒன்று உண்டு. அந்த விமானநிலையம் இருப்பது பிரெஞ்சு மண்ணில், ஆனால் பிரெஞ்சு வாசல், சுவிஸ் வாசல் என்று இரண்டு பக்கம். வாடகைக் கார் நிறுவனங்களும் இரண்டு பக்கமும் கவுன்டர் வைத்திருக்கின்றன. முன்பதிவில் எந்தப் பக்கம் என்று பார்த்து எடுங்கள். அல்சாஸ் மட்டும் சுற்றுவதென்றால் பிரெஞ்சுப் பக்கம். அந்தக் காரில் சுவிஸ் நெடுஞ்சாலைக் கட்டண வில்லை (கண்ணாடியில் ஒட்டுவது) இருக்காது, அந்தப் பக்கம் நெடுஞ்சாலையில் ஏறினால் 40 பிராங்க் கொடுத்து வாங்க வேண்டும். எடுத்த பக்கத்திலேயே திருப்பிக் கொடுக்கவும்.

கார் இல்லாதவர்கள் பிரெஞ்சு வாசலில் சென்-லூயி ரயில் நிலையப் பேருந்தைப் பிடித்தால் அங்கிருந்து மியூலூஸ், கோல்மார், ஸ்ட்ராஸ்பூர் மூன்றுக்கும் ரயில்.

கேள்வி: கோல்மாரில் 'குட்டி வெனிஸ்' தவிர?

குட்டி வெனிஸ் ஒரு கால்வாய், ஒரு பாலம், இருநூறு செல்ஃபி. காலை 9க்கு முன் போனால் அழகு.

நேரம் தர வேண்டிய இடம் உன்டர்லிண்டன் அருங்காட்சியகம் (செவ்வாய் விடுமுறை). அங்குள்ள ஈசன்ஹைம் பலிபீட ஓவியங்களை 1512–1516இல் ஓவியர் குரூனவால்ட் வரைந்தார். தோல் நோயில் வெந்தவர்களுக்குச் சிகிச்சை தந்த மடத்துக்காகச் செய்தது. சிலுவையில் தொங்கும் இயேசுவின் உடம்பெல்லாம் முள் குத்திய புண், தோல் பச்சை பூத்திருக்கும். நோயாளி தன் உடம்பையே அங்கே பார்த்திருப்பான். கதவுபோல் திறந்து மூடும் அடுக்குகளை இப்போது பிரித்து வைத்திருக்கிறார்கள். சுவரில் உள்ள சிறு மாதிரியைத் திறந்து பார்த்துவிட்டு அசலுக்குப் போனால்தான் வரிசை புரியும்.

கேள்வி: நட்சத்திர வடிவக் கோட்டை நோஃப்-பிரிசாக் போனோம், ஒன்றுமே தெரியவில்லை. ஏமாற்றம்.

வானிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்துவிட்டுப் போகிற எல்லோருக்கும் இதே கதிதான். பீரங்கிக்குத் தப்ப வேண்டும் என்றே சுவரைத் தாழ்த்தி மண்மேட்டுக்குப் பின்னால் ஒளித்தார்கள். வெளியிலிருந்து தெரியக்கூடாது என்பதே வடிவமைப்பு!

ஊருக்குள் நிற்காமல் அகழிக்குள் இறங்கிச் சுற்றுங்கள். தண்ணீர் இல்லை, புல்தரை. ஒவ்வொரு மூலை திரும்பும்போதும் இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் சுடும் துளைகள் உங்களையே குறிபார்ப்பது தெரியும். பதுங்க இடமே இல்லை. அதுதான் நட்சத்திர வடிவத்தின் வேலை. 1697 ஒப்பந்தத்தில் ரைனுக்கு அக்கரையிலிருந்த பிரைசாக்கைப் பிரான்ஸ் இழந்தது. அதற்கு எதிரே கோட்டைப் பொறியாளர் வோபான் இதைக் கட்டினார். கோல்மாரிலிருந்து பேருந்து உண்டு, ஞாயிறு மிகக் குறைவு.

கேள்வி: ஓ-கூனிக்ஸ்பூர் கோட்டை 'டூப்' என்கிறார்களே?

பாதி உண்மை. 1633இல் சுவீடன் படை எரித்த இடிபாட்டை, 1900–1908இல் ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்முக்காக மீட்டுக் கட்டினார்கள். இடைக்காலக் கோட்டை என்று பார்க்காமல், ஒரு பேரரசர் இடைக்காலத்தை எப்படிக் கற்பனை செய்து எல்லையில் நட்டுவைத்தார் என்று பார்த்தால் சுவாரசியம் கூடும். செலெஸ்டா ரயில் நிலையத்திலிருந்து ஷட்டில் பேருந்து போகும். கோடையில் தினமும் ஓடும், மற்ற மாதங்களில் பெரும்பாலும் வார இறுதிதான். கடைசிப் பேருந்து நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். மேகம் இறங்கிய நாளில் மலையேறிப் பயனில்லை.

கேள்வி: துணி வரலாற்றில் ஆர்வம். ஏதாவது?

மியூலூஸ். நம் சோழமண்டலக் கரையிலிருந்து போன அச்சுப் பருத்தித் துணிக்கு ஐரோப்பாவில் 'இந்தியென்' என்று பெயர். பிரான்ஸ் தன் பட்டு, கம்பளி நெசவைக் காக்க 1686 முதல் 1759 வரை அதைத் தடை செய்தது. மியூலூஸ் அப்போது பிரான்சில் இல்லை, சுவிஸ் கூட்டணியில் இருந்த தனிநகரம். 1746இல் அங்கே அச்சுப்பட்டறை தொடங்கினார்கள், தடை செல்லாத எல்லைக்கு இந்தப் பக்கம்! அந்தத் தொழில்தான் ஊரை வளர்த்தது. அச்சுத்துணி அருங்காட்சியகம் அங்கே உண்டு, திறந்திருக்கும் நாளைச் சரிபார்த்துப் போங்கள். தூர் பள்ளத்தாக்கில் வெசெர்லிங் பழைய ஆலை வளாகத்திலும் துணி அருங்காட்சியகம் இருக்கிறது.

கேள்வி: சைவம் கிடைக்குமா?

கிடைக்கும், கேட்டு வாங்க வேண்டும். மெல்லிய ரொட்டிபோல வரும் ஃபிளாம்குஷில் வெங்காயம், பாலேட்டோடு பன்றி இறைச்சித் துண்டும் இருக்கும். 'சான் லார்தோன்' என்று சொல்லுங்கள். காளான் போட்டது என்று பட்டியலில் இருந்தாலும் சொல்லுங்கள், அதிலும் இறைச்சி இருக்கும். பல கடைகளில் மாலையில்தான் அடுப்பு மூட்டுவார்கள். மதியச் சமையல் 2 மணிக்கு முடிந்தால் இரவு 7 வரை வெறும் காப்பிதான்.

கேள்வி: கிறிஸ்துமஸ் சந்தைக்குக் குழந்தையோடு வருகிறோம். எச்சரிக்கை ஏதும்?

ஸ்ட்ராஸ்பூர்ச் சந்தை 1570 முதல் நடக்கிறது, கூட்டமும் அதற்கேற்றபடி. தீவுக்குள் நுழையும் பாலங்களில் பைச் சோதனை உண்டு, நடுவிலுள்ள சில டிராம் நிறுத்தங்களில் வண்டி நிற்காது. வார நாளில், திறந்தவுடனே போங்கள். காரில் வந்தால் நகர எல்லையிலுள்ள 'நிறுத்திவிட்டு டிராம்' இடங்களில் விட்டுவிடுங்கள். அந்தச் சீட்டிலேயே காரில் வந்தவர்களின் டிராம் பயணமும் அடங்கும்.

இன்னொன்று: ஜெர்மன் காலச் சட்டம் மிச்சமிருப்பதால் டிசம்பர் 26ம் இங்கேயும் பக்கத்து மோசெல் மாவட்டத்திலும் விடுமுறை, பிரான்சின் மற்ற பகுதிகளில் கிடையாது. 25, 26 இரண்டு நாளும் பெரிய கடைகள் பூட்டியிருக்கும். குழந்தைக்கான பால், டயப்பரை 24ஆம் தேதி மதியத்துக்குள் வாங்கிவிடுங்கள், அன்று மாலையே சீக்கிரம் மூடிவிடுவார்கள்.