கிளிநொச்சி ஏன் இத்தனை முறை கைமாறியது?

இலங்கையின் வடக்கே இருக்கும் சின்ன நகரம்தானே, அதற்கு ஏன் இவ்வளவு சண்டை என்று கேட்டிருக்கிறீர்கள். வரைபடத்தைப் பாருங்கள், பாதி பதில் அங்கேயே இருக்கிறது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி ஊரின் நடுவாகப் போகிறது, வடக்கே பரந்தன், அதைத் தாண்டினால் யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பெருநிலத்தோடு இணைக்கும் ஒடுங்கிய நிலக்கழுத்தான ஆனையிறவு. அந்தக் கழுத்தைப் பிடிக்காமல் குடாநாட்டுக்குப் போகும் முக்கியத் தரைவழி அன்று கைக்கு வராது.

1996இல் இலங்கை இராணுவம் பிடித்தது, 1998இல் விடுதலைப் புலிகள் மீட்டார்கள். 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு நீதிமன்றம், காவல்துறை, வங்கி என்று புலிகளின் நிர்வாகமே இங்கிருந்துதான் நடந்தது, வெளிநாட்டுத் தூதுவர்களும் இங்கேதான் வந்து பேசினார்கள். அதனால் பிற்பாடு இராணுவக் கணக்கைவிட கௌரவக் கணக்குதான் பெரிதாகிவிட்டது என்பது என் எண்ணம்.

மாவட்டத்தின் கதை வேறு. இரணைமடுக் குளத்தை நம்பிய நெல் விவசாயிகள்தான் இங்கே அதிகம். 2008இல் சண்டை நெருங்க நெருங்க, கூரைத் தகரத்தைக் கழற்றி, கதவு நிலையையும் பெயர்த்து உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு கிழக்கே தர்மபுரம், விசுவமடு என்று போனார்கள். போன இடத்தில் கொட்டில் போட அதுதான் வேண்டும், அப்புறம் அங்கிருந்தும் கிளம்ப வேண்டி வந்தது. செப்டம்பரில் ஐ.நா. பணியாளர்களும் வெளியேறினார்கள். 2009 ஜனவரி 2இல் இராணுவம் நுழைந்தபோது ஊரில் ஆட்களே இல்லை. தகர்ந்து சாய்ந்த தண்ணீர்த் தாங்கியைப் போருக்குப் பிறகும் அகற்றாமல் காட்சிப்பொருளாக விட்டுவைத்தார்கள்.