கிளட்ச் மாற்றியதும் கியர் கறகறக்கிறது: கியர்பாக்ஸைத் திறக்கும் முன்

சார், உங்கள் நிசான் 370இசட்டில் கிளட்ச் மாற்றி 300 கிலோமீட்டர் ஓடுவதற்குள் ரிவர்ஸ் கறகறக்கிறது, "கியர்பாக்ஸ் முன்பே தேய்ந்திருந்தது" என்று ஒர்க்‌ஷாப் கைவிரிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே வருத்தமாக இருந்தது. வண்டியை இனி ஓட்டாதீர்கள். ஓட்டினால் பழி உங்கள் மேல் திரும்பும்.

இன்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். அப்போது சுலபமாக விழுந்து, ஸ்டார்ட் செய்ததும் முரண்டு பிடித்தால் பெரும்பாலும் கிளட்ச் முழுசாக விலகவில்லை என்று அர்த்தம். இந்த வண்டியில் பெடலை மிதித்ததும் திரவ அழுத்தத்தால் கிளட்சை விலக்கும் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதற்குத் திரவம் போகும் லைனில் காற்று நின்றாலும் இப்படி ஆகும். பிளீட் செய்தாலே, அதாவது அந்தக் காற்றை வெளியேற்றினாலே சரியாகலாம்.

அப்படியும் அடங்கவில்லையா? இரு தரப்பும் பக்கத்தில் நிற்க, கியர் ஆயிலை வடித்து அளந்து வீடியோ எடுங்கள். கசிவே இல்லாமல் அளவு குறைந்திருந்தால், ஒர்க்‌ஷாப் சரியாக நிரப்பவில்லை என்று சொல்ல அது உங்களுக்குப் பெரிய பிடி. வடிகால் திருகின் காந்தத்தில் சாம்பல் நிறக் குழைவு ஒட்டுவது சகஜம். பித்தளைத் துகள் மின்னினால் சின்க்ரோ வளையம் (கியர் விழும்போது வேகத்தை ஒத்துப்போக வைப்பது) தேய்கிறது. அது பழைய தேய்மானமாகவும் இருக்கலாம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம், கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். வேறொரு மெக்கானிக்கிடம் எழுத்தில் அறிக்கை வாங்காமல் கியர்பாக்ஸைத் திறக்க விடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார் கொடுக்க 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது.