ஆங்கில இலக்கணம் பிடிபட மாட்டேன் என்கிறதே, எங்கே ஆரம்பிப்பது?

கேள்வி: பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. மின்னியல் பிரிவு, முதலாண்டு. பாடம் எல்லாம் ஆங்கிலத்தில்தான். எழுதினால் தப்பு வருகிறது, சந்தேகம் கேட்க வாய் வருவதில்லை. இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்துப் பார்க்கிறேன். தினம் பத்து வார்த்தை மனப்பாடம் செய்கிறேன், நாலு நாளில் மறந்துவிடுகிறது. என்னைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பத்தியை இணைத்திருக்கிறேன். நான் எங்கே ஆரம்பிக்க வேண்டும்?
ஒரு மாணவி, தென்காசி மாவட்டம்

பதில்: உங்கள் பத்தியை நிதானமாக வாசித்தேன். அதில் நீங்கள் சொல்ல வந்தது எல்லாமே புரிகிறது. தப்புகளும் இருக்கின்றன. ஆனால் அவை தாறுமாறான தப்புகள் இல்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சரியான தமிழ் வாக்கியம் நிற்கிறது. தமிழ் இலக்கணத்தை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன இடங்களில்தான் இடறியிருக்கிறீர்கள். அதனால் இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிப்பதை இன்றைக்கே நிறுத்திவிடலாம். தமிழும் ஆங்கிலமும் பிரிகிற நாலைந்து இடங்களைத் தெரிந்துகொண்டால் போதும், பாதிப் பிரச்சினை தீரும். அந்த இடங்களை அடையாளம் காட்டுவதற்கும் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த தமிழே போதும்.

நீங்கள் எழுதிய ஒரு வாக்கியம்: 'யெஸ்டர்டே ஐ ஹேவ் சப்மிட்டட் மை ரெக்கார்ட், பட் சார் டிட் நாட் கேம்.' இதில் இரண்டு தப்பு.

முதல் தப்பு 'ஹேவ்'. தமிழில் 'நேற்றே ரெக்கார்டு கொடுத்திருக்கிறேன்' என்று தாராளமாகச் சொல்கிறோம். நம்முடைய 'இருக்கிறேன்' நேற்றோடும் சேரும், போன வருஷத்தோடும் சேரும். ஆங்கிலத்தின் 'ஹேவ்' அப்படிச் சேராது. முடிந்துபோன ஒரு நேரத்தை வாக்கியத்துக்குள் சொல்லிவிட்டால் அங்கே அதற்கு இடமில்லை. எழுதியதும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: 'எப்போது?' நேற்று, போன வாரம், 2023இல், பத்து நிமிஷத்துக்கு முன்னால் என்று அந்த வாக்கியத்திலேயே பதில் இருந்தால் 'ஹேவ்' வேண்டாம். 'ஐ சப்மிட்டட் மை ரெக்கார்ட் யெஸ்டர்டே.' எப்போது என்று சொல்லாமல் கொடுத்தாகிவிட்டது என்பதை மட்டும் சொன்னால், 'ஐ ஹேவ் சப்மிட்டட் மை ரெக்கார்ட்.'

இரண்டாவது, 'டிட் நாட் கேம்.' தமிழில் 'வந்தார்' என்கிறோம். இல்லை என்று சொல்லும்போது 'வந்தவில்லை' என்றா சொல்கிறோம்? 'வரவில்லை' என்கிறோம். காலம் காட்டும் பகுதி உதிர்ந்து, வெறும் 'வர' மட்டும் மிஞ்சுகிறது. ஆங்கிலத்திலும் இதேதான் நடக்கிறது. காலத்தை 'டிட்' சுமந்துகொள்கிறது, 'கேம்' மறுபடி 'கம்' ஆகிவிடுகிறது. 'சார் டிட் நாட் கம்.' கேள்வியிலும் அப்படியே: 'டிட் ஹி கம்?' 'டிட்' வந்ததும் 'வரவில்லை' என்ற சொல்லை நினைத்துக்கொள்ளுங்கள், கை தானாக 'கம்' என்று எழுதும்.

அடுத்தது, 'ஐ ஆம் ஹேவிங் ஒன் யங்கர் பிரதர்.' ஆங்கில வழியில் படித்தவர்களும் இதை எழுதுகிறார்கள். 'எனக்கு ஒரு தம்பி இருந்துகொண்டிருக்கிறான்' என்று தமிழில் நாம் சொல்வதில்லையே, அப்புறம் ஆங்கிலத்தில் மட்டும் ஏன்? 'ஐ ஹேவ் எ யங்கர் பிரதர்' போதும். இதில் ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது. எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டும், எனக்குப் புரிகிறது, எனக்கு இருக்கிறது. 'நான்' என்று தொடங்காமல் 'எனக்கு' என்று தொடங்குகிற இந்த வினைகளுக்கு ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'இங்' ஒட்டாது. நோ, லைக், வான்ட், அண்டர்ஸ்டாண்ட், ஹேவ் எல்லாம் இந்தக் கூட்டம்தான். 'ஐ ஆம் நாட் அண்டர்ஸ்டாண்டிங்' என்று வகுப்பில் அடிக்கடி காதில் விழும். 'ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்' என்பதே சரி.

'வி ஆர் லிவிங் இன் திஸ் ஹவுஸ் சின்ஸ் எய்ட் இயர்ஸ்.' எட்டு வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறோம் என்பது தமிழில் நிகழ்காலம். ஆங்கிலத்தில், முன்பு தொடங்கினது இன்றுவரை நீள்கிறது என்பதை வினையிலேயே காட்ட வேண்டும், அதற்குத்தான் 'ஹேவ் பீன்'. சின்ஸா ஃபாரா என்ற குழப்பத்தைத் தமிழ் உருபே தீர்த்துவைக்கும். 'எட்டு வருஷமாக' என்று 'ஆக' வந்தால் ஃபார். '2017லிருந்து' என்று 'இருந்து' வந்தால் சின்ஸ். ஆகவே, 'வி ஹேவ் பீன் லிவிங் இன் திஸ் ஹவுஸ் ஃபார் எய்ட் இயர்ஸ்.'

'ஹி ஸ்டடி டென்த் ஸ்டாண்டர்ட்' என்பதில் புரியாதது எதுவும் இல்லை, கவனம் மட்டும்தான் வேண்டும். படிக்கிறேன், படிக்கிறாய், படிக்கிறான், படிக்கிறாள், படிக்கிறார்கள் என்று ஆளுக்கு ஆள் வினையை மாற்றிப் பேசுகிறவர் நீங்கள். ஆங்கிலத்தில் மாறுவது ஒரே இடத்தில். எழுதி முடித்ததும் ஹி, ஷி, இட் வருகிற இடங்களையும் ஒருமைப் பெயர்களையும் மட்டும் ஒரு தடவை கண்ணால் தடவிப் பாருங்கள். 'ஹி ஸ்டடீஸ் இன் டென்த் ஸ்டாண்டர்ட்.' உங்கள் பாடத்தில் இது ஓயாமல் வரும்: 'த கரண்ட் ஃப்ளோஸ்', 'த ரெசிஸ்டன்ஸ் இன்க்ரீசஸ்'.

எல்லோரையும் அதிகமாகப் படுத்துவது 'எ', 'த' இரண்டும்தான். தமிழில் இவை இல்லை என்று சொல்லித் தருகிறார்கள். தனிச் சொல்லாக இல்லை என்பது உண்மை, ஆனால் அந்த வேறுபாடு நம்மிடம் இருக்கிறது. 'பேனா கொடு' என்றால் ஏதோ ஒரு பேனா. 'பேனாவைக் கொடு' என்றால் இருவருக்கும் தெரிந்த அந்தப் பேனா. அந்த 'ஐ' உருபு செய்கிற வேலையைத்தான் ஆங்கிலத்தில் 'த' செய்கிறது. 'கிவ் மீ எ பென்', 'கிவ் மீ த பென்.' புத்தகம் வாங்கினேன், புத்தகத்தை வாங்கினேன் என்பதிலும் இதே கதை. எழுவாயாக வரும் இடத்தில் இந்த உருபு வராது. அங்கே கேட்பவர் 'எது?' என்று திரும்பக் கேட்பாரா என்று யோசியுங்கள். கேட்கத் தேவையில்லை என்றால் 'த'. மலைப்பெயர், ஆற்றுப்பெயர் என்று தனி விதிகள் இன்னும் உண்டு, அவற்றை இப்போது தொடவே வேண்டாம்.

'எ', 'அன்' இரண்டில் எது என்பதும் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஒரு மரம், ஓர் ஊர். உயிரெழுத்துக்கு முன்னால் 'ஓர்' வருகிற மாதிரிதான் 'அன்' வருகிறது. இரண்டிலும் பார்க்க வேண்டியது ஒலியை. யுனிவர்சிட்டி 'யு' என்று தொடங்குவதால் 'எ யுனிவர்சிட்டி'. மணி நேரத்தைக் குறிக்கும் சொல்லில் முதல் எழுத்து வாய்க்குள்ளேயே நின்று 'அவர்' என்றுதான் ஒலிக்கிறது, ஆகவே 'அன் அவர்'. ஆங்கில எழுத்தைப் பார்த்துக் குழம்பினால் அந்தச் சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள், விடை தெரிந்துவிடும்.

சரி, சொற்களுக்கு வருவோம். அகரவரிசையில் தினம் பத்து என்று மனப்பாடம் செய்கிற முறை எனக்கு உடன்பாடே இல்லை. இதில் நினைவாற்றலைக் குறை சொல்லிப் பயனில்லை. பார்த்த சொல்லை மறுபடி எங்குமே சந்திக்காவிட்டால் யாருக்கும் மறக்கும். எந்தச் சொல்லை அடிக்கடி சந்திப்போமோ அதை முதலில் படிப்பதுதான் முறை. இதற்காக உழைத்தவர்கள் இருக்கிறார்கள். வங்காளத்தில், டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், அடிப்படையான சுமார் 2000 ஆங்கிலச் சொற்களைத் திரட்டி 1953இல் வெளியிட்டார். பொதுவான எழுத்தில் கிட்டத்தட்ட 80 சதவீதத்தை அந்தச் சொற்களே நிரப்புகின்றன. அவற்றில் பெரும்பகுதி உங்களுக்குப் பள்ளியிலேயே வந்திருக்கும்.

உங்களுக்கு இப்போது வேண்டியது அடுத்த படி. நியூசிலாந்தைச் சேர்ந்த ஏவரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் கல்லூரிப் பாட நூல்களில் திரும்பத் திரும்ப வருகிற 570 சொற்குடும்பங்களைப் பட்டியலிட்டார் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கிற சொற்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்). 'அகாடமிக் வேர்ட் லிஸ்ட்' என்று தேடினால் இலவசமாகவே கிடைக்கும். அஸ்யூம், டிரைவ் (வண்டி ஓட்டுவது இல்லை, சமன்பாட்டை வருவிப்பது), இன்டிகேட், வேரி, சிக்னிஃபிகன்ட், இவையெல்லாம் அதன் முதல் பகுதியிலேயே இருக்கின்றன. உங்கள் பாடப் புத்தகத்தில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள், இவற்றில் ஒன்றிரண்டு நிச்சயம் இருக்கும். பட்டியலை முதலிலிருந்து படிக்க வேண்டாம். பாடத்தில் ஒரு சொல் இடறும்போது அது பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நோட்டில் ஏற்றுங்கள், இல்லையென்றால் பொருளை மட்டும் பார்த்துவிட்டு மேலே போய்விடுங்கள்.

நோட்டில் ஏற்றும்போது தனிச் சொல்லாக ஏற்றாதீர்கள். கோலம் போடுகிறோம், விளக்கு ஏற்றுகிறோம், பந்தல் கட்டுகிறோம். தமிழ் புதிதாகக் கற்கிற ஒருவர் 'கோலம் செய்தேன்' என்றால் நமக்குப் புரியும், ஆனால் காதில் உறுத்தும். ஆங்கிலச் சொற்களுக்கும் இப்படி ஜோடி உண்டு. எக்ஸ்பெரிமென்ட் என்றால் 'கண்டக்ட்', ரீடிங் என்றால் 'டேக்', கிராஃப் என்றால் 'ப்ளாட்', கன்க்ளூஷன் என்றால் 'டிரா', மிஸ்டேக் என்றால் 'மேக்'. ஜோடியாகவே எழுதி, அதன் கீழே உங்கள் ஆய்வகத்தில் நடந்ததைப் பற்றி ஒரு வாக்கியம்: 'வி டுக் ஃபைவ் ரீடிங்ஸ் அண்ட் ப்ளாட்டட் எ கிராஃப்.' இப்படி எழுதியது அவ்வளவு எளிதில் மறக்காது, அடுத்த வாரமே மறுபடி அதை எழுத வேண்டி வரும். அகராதிக்கு, கற்பவர்களுக்கென்றே வந்திருக்கிற ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் மூன்றில் ஏதாவது ஒன்று. இணையத்தில் இலவசம். எளிய சொற்களிலேயே பொருள் சொல்லி, அந்த ஜோடிகளையும் காட்டுவார்கள்.

தமிழ் வழியில் படித்த பாடச் சொற்களை விட்டுவிடாதீர்கள். மின்தேக்கி என்ற சொல்லிலேயே அது என்ன செய்யும் என்பது இருக்கிறது. பக்கத்தில் கெபாசிட்டர் என்று எழுதிக்கொண்டால் முடிந்தது. மின்மாற்றி, டிரான்ஸ்ஃபார்மர். மின்தடை, ரெசிஸ்டன்ஸ். கருத்து உங்களிடம் இருக்கிறது, பெயர்ப்பலகைதான் புதிது. ஒன்றில் மட்டும் உஷார். வீட்டில் 'கரண்ட் போயிடுச்சு' என்கிறோம். மின்னியல் மாணவி அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லக் கூடாது. அங்கே 'த பவர் வென்ட் அவுட்' என்பார்கள். 'கரண்ட்' உங்கள் பாடத்தில் ஆம்பியரில் அளக்கிற ஒன்று.

இப்போது உடனே பலன் தரும் ஓர் இடம், உங்கள் ரெக்கார்டு நோட்டு. பள்ளியில் மதிப்பெண்ணுக்காகச் செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றிக்கொண்டே இருந்தீர்கள் அல்லவா? அது முழுமையாகப் பயன்படுவது இங்கேதான். 'த சர்க்யூட் வாஸ் கனெக்டட்', 'த வோல்டேஜ் வாஸ் மெஷர்டு', 'த ரீடிங்ஸ் வேர் டேபுலேட்டட்.' தமிழில் இணைக்கப்பட்டது, அளவிடப்பட்டது, அட்டவணைப்படுத்தப்பட்டன. உங்கள் பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தில் இந்தப் 'பட்டது' நடையை நிறையவே படித்திருப்பீர்கள். சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதாமல் செய்முறைப் பகுதியை மட்டுமாவது சொந்தமாக எழுதிப் பாருங்கள். வாரம் ஒரு பக்கம் என்றாலும், அந்தப் பக்கம் நீங்கள் கையால் செய்த வேலையைப் பற்றியது. என்ன எழுதுவது என்று முழிக்க வேண்டியிருக்காது.

வகுப்பில் வேகம் பிடிபடவில்லை என்றால் ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். காணொளிகளைப் பாருங்கள், கட்டணம் இல்லை. நாளை நடக்கப்போகும் பாடத்தை இன்று இரவு சப்டைட்டிலோடு பாருங்கள். பல பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் கிடைக்கிறது. முன்னாலேயே ஒரு தடவை கேட்டிருந்தால் மறுநாள் வகுப்பில் பாதிச் சொற்கள் பழக்கப்பட்டதாக இருக்கும்.

கடைசியாக, சந்தேகம் கேட்பது. தமிழில் கேள்வி கேட்க வாக்கியத்தைப் புரட்ட வேண்டியதில்லை, 'வந்தாரா' என்று ஓர் 'ஆ' சேர்த்தால் முடிந்தது. ஆங்கிலத்தில் சொற்கள் இடம் மாற வேண்டும். அதனால்தான் 'வை வி ஆர் டிவைடிங்?' என்று வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் நின்று யோசிக்க முடியாது, ஆகவே வாக்கியத்தை முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள். 'சார், குட் யூ எக்ஸ்ப்ளெய்ன் தட் ஸ்டெப் அகெய்ன்?' 'வை டூ வி டிவைட் பை ரூட் டூ ஹியர்?' 'வாட் டஸ் திஸ் டெர்ம் மீன்?' இந்த மூன்றில் சொற்களை மாற்றி மாற்றிப் போட்டாலே ஒரு பருவத்துக்கான கேள்விகள் தேறிவிடும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். முதல் சில தடவை அதைப் பார்த்து வாசித்தே கேட்கலாம். நடுவில் ஆங்கிலம் தடைப்பட்டால் மீதியைத் தமிழில் கேட்டு முடித்துவிடுங்கள், சந்தேகத்தோடு மட்டும் வகுப்பை விட்டு வெளியே வராதீர்கள்.