தேக்கு வெனீர் ஐப்பசி மழையைத் தாங்குமா?

கேள்வி: பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டுப் புது வீடு கட்டியிருக்கிறோம். படுக்கையறை அலமாரி, டிவி யூனிட், பூஜை அலமாரி, சாப்பாட்டு மேஜை எல்லாவற்றுக்கும் ப்ளைவுட்மேல் தேக்கு வெனீர் ஒட்டித் தருவதாக ஆசாரி சொல்கிறார். தேக்கு என்பதால் கறையான் வராதாம். என் கணவரோ, அடைமழையில் எல்லாம் உரிந்துவிடும், மைக்காவே போதும் என்கிறார். பிரித்த வீட்டின் தேக்குச் சட்டங்கள் கொஞ்சம் கையில் இருக்கின்றன. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அலமாரிக்கும் டிவி யூனிட்டுக்கும் வெனீர் தாராளமாகப் போடலாம். மேஜைக்கும் பூஜை அலமாரிக்கும் வேண்டாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கறையான் விஷயம். வெனீர் என்பது தேக்குக் கட்டையிலிருந்து சீவி எடுத்த தோல். கனம் அரை மில்லிமீட்டர் அளவுதான். நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் அதை மெல்லிய ப்ளையில் ஒட்டி, 8-க்கு 4 அடி அளவில், 4 மில்லிமீட்டர் ‘தேக்கு ப்ளை’ என்று விற்கிறார்கள். வைரம் பாய்ந்த தேக்கைக் கறையான் எளிதில் தொடாது என்பது உண்மை. மரத்திலேயே ஊறியிருக்கும் எண்ணெயும் டெக்டோகுயினோன் என்ற பொருளும் அதற்குக் காரணம். ஆனால் அந்தக் காப்பு அந்த அரை மில்லிமீட்டரோடு சரி. கறையான் அலமாரியின் முகப்பு வழியாகவா வருகிறது? சுவரிலிருந்தும் தரையிலிருந்தும், பின்பக்கமாக ஏறி வருகிறது. உள்ளே இருக்கும் ப்ளையைத் தின்று தீர்த்துவிட்டு, வெளியே தேக்குத் தோலை மட்டும் முழுசாக விட்டுவைக்கும். விரலால் அழுத்தினால் பொக்கென்று உள்ளே போகும்போதுதான் நமக்கே தெரியும்.

அதனால் பணத்தை முதலில் அடியில் இருக்கும் ப்ளையில் போடுங்கள். டெல்டாவில் வயல்களில் மாதக்கணக்கில் தண்ணீர் நிற்கிறது; களிமண் பூமி ஈரத்தை லேசில் விடாது. அலமாரியின் உடலுக்கும் கதவுக்கும் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள மரைன் ப்ளை வாங்குங்கள். அந்தத் தரத்துக்கு ப்ளையை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிக்கிறார்கள். ஈரம் தாங்காத கமர்ஷியல் ப்ளை இந்த மண்ணுக்கு ஆகாது. சந்தேகமிருந்தால் கடைக்காரரிடம் ஒரு துண்டு கேட்டு வாங்கி, வீட்டில் சில மணி நேரம் கொதிக்க வையுங்கள். மட்டமான ப்ளை என்றால் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். அலமாரியை நேராகத் தரையில் உட்கார வைக்காமல், 4 அங்குல உயரத்துக்குக் கருங்கல்லோ கடப்பாவோ கட்டி அதன்மேல் நிறுத்தச் சொல்லுங்கள். முதுகுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் அங்குல இடைவெளி இருக்கட்டும். கறையான் மருந்தை மரவேலைக்கு முன்பே அடித்துவிட வேண்டும்.

உங்கள் கணவரின் பயமும் வீணானதல்ல. ஆனால் பசை விட்டு உரிவதைவிட, கதவு வளைந்துபோவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். காரணம் எளிது. முகப்பில் 4 மில்லிமீட்டர் தேக்கு ப்ளையை ஒட்டுகிறார்கள். உள்பக்கத்துக்கு வெறும் பெயின்ட், அல்லது ஒன்றுமே இல்லை. மழைக்காலத்தில் வெறுமையாக இருக்கும் பக்கம் ஈரத்தைக் குடித்து உப்புகிறது, மறுபக்கம் அசைவதில்லை. 7 அடிக் கதவு மேல்மூலையில் அரை அங்குலம் விலகி நிற்பதற்கு இது போதும். முன்னே ஒட்டுவதற்குச் சமமான கனத்தில் உள்ளேயும் ஒட்ட வேண்டும். தேக்கு ப்ளையாகவே இருக்க வேண்டும் என்றில்லை. 4 மில்லிமீட்டர் சாதா ப்ளையும் உள்பக்கத்துக்கென்றே வரும் மெல்லிய லைனர் மைக்காவும் போதும். அந்தக் கனத்துக்கு ஏற்ற அடிப்பலகையையும் கீலையும் பூட்டையும் ஆசாரி முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

இனி ஷீட் எடுப்பது. இதற்கு ஆசாரியை மட்டும் அனுப்பாமல் நீங்களும் போய்வாருங்கள். மலைமலையாக ரேகை ஓடினால் கிரவுன் கட். நேர்கோடாக ஓடினால் குவார்ட்டர் கட். நம் வீடுகளின் அறை சின்னது, அலமாரி பெரியது. சுவர் முழுக்க மலை ரேகை வந்தால் கண்ணுக்கு நெரிசலாகத் தெரியும். அங்கே நேர்க்கோட்டு ரேகைதான் என் தேர்வு. டிவிக்குப் பின்னால் வரும் பலகைக்கு மலை ரேகை அழகு. எல்லா ஷீட்டும் அச்சடித்ததுபோல் ஒரே மாதிரி இருந்தால் அது ரீகான் வெனீர். வேறு மரத்தைச் சாயமேற்றி, அழுத்தி, மறுபடி சீவியது. அதில் குற்றமில்லை, தேக்கு விலை கொடுத்து வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

இயற்கை வெனீரில் ஒரே கட்டையில் அடுத்தடுத்துச் சீவிய ஷீட்டுகளை வரிசை எண்படி மொத்தமாக வாங்க வேண்டும். குறைந்தால் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த ரேகை திரும்பக் கிடைக்காது. 2 அடி அகலத்தில் 4 கதவு என்றால் முகப்புக்கு 2 ஷீட் போதும். இழுப்பறைக்கும் சேதாரத்துக்கும் ஒன்று கூடுதலாக எடுங்கள். ஒரு கணக்கு சொல்கிறேன். கீழ்க்கதவு 7 அடி, மேலே பரண் கதவு 2 அடி என்று வைத்தால் 8 அடி ஷீட்டில் அடங்காது. ரேகை நடுவில் முறியும். கீழே 6, மேலே 2 என்று பிரித்து, ரம்பம் தின்னும் இடத்துக்காகக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால், கீழிருந்து மேல்வரை ஒரே ரேகையாக ஏறும். கூடுதல் செலவே இல்லாத அழகு இது.

கடையில் ஈரத்துணியால் ஷீட்டை ஒருமுறை துடைத்துப் பாருங்கள். பாலிஷ் போட்டபின் ஏறக்குறைய அந்த நிறத்தில்தான் இருக்கும். புதுத் தேக்கில் பச்சையும் கறுப்புமாகத் திட்டு தெரிந்தால் பயப்பட வேண்டாம். வெளிச்சம் பட்டுப்பட்டுப் பொன்பழுப்பாகிவிடும். அதை மறைக்க ஸ்டெயின் (மரச்சாயம்) அடிக்கிறேன் என்பார்கள், விடாதீர்கள்.

உப்புத்தாள் தேய்ப்பதில் கண் வையுங்கள். எண் குறையக் குறையத் தாள் முரடு; 180-க்குக் கீழே கூடாது. ரேகையின் போக்கிலேயே கையால் தேய்க்க வேண்டும். மெஷினை ஓரத்தில் ஒரு நொடி கூடுதலாக அழுத்தினாலும் தேக்கு போய் அடிப்பலகை வெள்ளையாகத் தெரியும். அதற்கு மருந்து கிடையாது.

பாலிஷை ஐப்பசி, கார்த்திகையில் வைத்துக்கொள்ளவே கூடாது. காற்றில் இருக்கும் ஈரம் மெலமைன் பாலிஷுக்குள் சிக்கிக்கொண்டு வெள்ளையாகப் பூக்கும். ஆசாரி வேலை புரட்டாசியில் முடிந்தாலும், பாலிஷுக்கு அடியில் பூசும் சீலர் மட்டும் ஒரு கோட் அடித்து மூடிவைத்துவிட்டு, தை பிறந்தபின் வெயில் நாளில் முடியுங்கள். செலவுக்கு இடமிருந்தால் பி.யு. (பாலியூரிதேன்) பாலிஷ் இன்னும் நல்லது.

உங்கள் பழைய சட்டங்கள்தான் இந்த வேலையில் பெரிய சொத்து. பல ஆண்டு ஆறிய மரம் அவ்வளவாக முறுக்காது. காந்தத்தை வைத்து ஆணிகளைத் தேடிப் பிடுங்கிவிட்டு, சாப்பாட்டு மேஜையை அதில் செய்யுங்கள். சூடான பாத்திரமும் ஈரமும் தினமும் படுகிற இடத்தில் வெனீர் நிற்காது. கட்டை மரம் என்றால் பத்து வருடம் கழித்தும் இழைத்துப் புதுசாக்கலாம். பூஜை அலமாரியும் அப்படியே. விளக்குச் சூடும் எண்ணெயும் படுகிற இடம் அது. மிஞ்சும் துண்டுகளைக் கீற்றாக அறுத்து, வெனீர் கதவுகளின் நாலு ஓரத்துக்கும் லிப்பிங், அதாவது ஓரப்பட்டை, வைக்கச் சொல்லுங்கள். அடி ஓரத்தையும் விடக் கூடாது. வீடு துடைக்கும் தண்ணீர் முதலில் ஏறுவது அங்கேதான்.

சமையலறைக்கு மட்டும் உங்கள் கணவர் சொன்னபடி மைக்கா போட்டுவிடுங்கள்.