ஸ்லாப் சிட்டியில் இடம் பிடிக்க முன்பணம் தேவையா?

கேள்வி: ஜனவரியில் சான் டியேகோவில் ஆர்.வி. (படுக்கை, சமையல் வசதிகள் கொண்ட வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்து, நானும் என் கணவரும் ஸ்லாப் சிட்டி என்ற பாலைவனக் குடியிருப்பில் இரண்டு இரவுகள் தங்க எண்ணியுள்ளோம். நல்ல இடம் ஒதுக்கித் தருவதாக ஒருவர் 150 டாலர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? வண்டிக்குக் காப்பீடு இருப்பதால் வேறு கவலை இல்லைதானே?

பதில்: ஒரு காசும் கொடுக்காதீர்கள். இம்பீரியல் மாவட்டத்தில் நைலண்ட் என்ற சிற்றூருக்குக் கிழக்கே இருக்கும் அந்த நிலம் கலிஃபோர்னியா மாநிலத்துக்குச் சொந்தமானது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மரைன் படையினரின் பயிற்சிக்காக அங்கே இருந்த கேம்ப் டன்லப் முகாமின் கட்டடங்களை அகற்றிய பிறகு எஞ்சிய சிமெண்டுத் தளங்களின் மீதும் அவற்றைச் சுற்றியும்தான் மக்கள் வண்டிகளை நிறுத்தி வாழ்கிறார்கள். பல ஆண்டுகளாக அங்கேயே இருப்பவர்களுக்கும் பட்டா கிடையாது. அப்படியிருக்க, இன்னொருவருக்கு இடம் 'ஒதுக்க' யாரால் முடியும்? நிலம் தன்னுடையது என்பதை மறுக்காத அரசு, குடிநீர்க் குழாயோ மின்சாரமோ கழிவுநீர் வசதியோ அங்கே செய்து தரவில்லை. கேட்பாரற்ற இத்தகைய இடத்தில் தரகர்கள் முளைக்காமல் இருந்தால்தான் வியப்பு. டயர்களாலும் கற்களாலும் எல்லை காட்டப்பட்டிருக்கும் முகாம்களுக்குள் நுழையாமல், காலியான இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்; அவ்வளவே.

உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. வாடகை மேசையில் 'எல்லாவற்றுக்கும் காப்பீடு உண்டு' என்று சிரித்த முகத்துடன் சொல்வார்கள். ஒப்பந்தத்தைப் படித்தால், வண்டியின் அடிப்பாகமும் கூரையும் பெரும்பாலும் அதில் அடங்கா. தார் போடாத பாதையில் ஓட்டினால் காப்பீடே செல்லாது என்றும் இருக்கும். இதற்கு ஒரு விதிவிலக்கைப் பல நிறுவனங்கள் தருகின்றன: நன்கு பராமரிக்கப்படும், நீளம் குறைந்த மண்பாதை, பொது முகாம் தளம் ஒன்றுக்கு இட்டுச் சென்றால் அதில் ஓட்டலாம். இதைக் காட்டி 'நாங்களும் முகாமிடத்தான் போகிறோம்' என்று வாதிட முடியாது. ஸ்லாப் சிட்டி, அரசு நடத்தும் முகாம் தளமும் அன்று. உரிமம் பெற்ற தனியார் தளமும் அன்று. அங்குள்ள உட்பாதைகளை யாரும் பராமரிப்பதாகவும் சொல்ல முடியாது. நைலண்டிலிருந்து, ஸ்லாப் சிட்டியின் நுழைவிடத்தில் இருக்கும் வண்ணம் பூசிய சால்வேஷன் மவுண்டன் குன்று வரை தார்ச்சாலை உண்டு; சிக்கல் அதற்கு அப்பால்தான். ஆகவே, முன்பதிவுக்கு முன்பே, 'ஸ்லாப் சிட்டிக்குள் ஓட்டலாமா' என்று ஊரின் பெயரைக் குறிப்பிட்டுக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வண்டியின் மின்னாக்கியை (ஜெனரேட்டரை) ஓட்டுவதற்கு மணிக்கணக்கில் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

புறப்படும்போது நன்னீர்த் தொட்டி நிரம்பியும் இரண்டு கழிவுத் தொட்டிகளும் காலியாகவும் இருக்க வேண்டும். குடிக்க மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று கணக்கிட்டுத் தனியாக எடுத்துச் செல்லுங்கள். கழிவை மணலில் திறந்துவிடுவது சட்டவிரோதம். காசு வாங்கிக்கொண்டு 'அப்புறப்படுத்தித் தருகிறேன்' என்பவரிடம் ஒப்படைத்தாலும் அது மணலுக்குத்தான் போகும். குப்பையையும் திரும்ப எடுத்து வாருங்கள்.

கிழக்கே அருகிலேயே சாக்லெட் மலைத்தொடரில் ராணுவத்தின் குண்டுவீச்சுப் பயிற்சித் தளம் இருக்கிறது. வெடிக்காத குண்டுகள் கிடக்கும் அந்த எல்லைக்குள், பழைய இரும்பு பொறுக்க அழைத்துப்போவதாக யார் சொன்னாலும் போகாதீர்கள்.

வாடகை நிறுவனம் மறுத்துவிட்டால், காரில் சென்று பகலில் சுற்றிப்பார்த்துவிட்டு இரவு அதே மாவட்டத்தில் உள்ள பிராலி நகரில் அறை எடுங்கள். பாலைவனத்தில் ஆர்.வி.யிலேயே தங்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், அரிசோனாவில் குவார்ட்ஸைட் அருகே நடுவண் அரசின் நில மேலாண்மைத் துறை நடத்தும் லா போசா முகாம் பகுதி உண்டு. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரையிலான பருவத்துக்கு அனுமதிச் சீட்டு தருகிறார்கள்; குடிநீரும் கழிவுத்தொட்டியைக் காலிசெய்யும் வசதியும் அங்கே உள்ளன. 14 நாள் சீட்டு பல ஆண்டுகளாக 40 டாலராக இருந்தது; இப்போதைய கட்டணத்தை அந்தத் துறையிடமே கேளுங்கள், இடையில் வேறு யாரிடமும் வாங்க வேண்டாம்.